கண்மூடி மேஸ்திரியும் இடது பக்கத்துக் கிராஸும்

லாரியின் நோயைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும் மனிதர் இந்த பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் மூணாறுக்கு மேலே, நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த தேயிலை எஸ்டேட்டின் ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை பார்த்தார். கண் திறந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஓடாது. அதனால் ஊருக்கே அவர் கண்மூடி மேஸ்திரி. எஸ்டேட் மேனேஜரான துரை திட்டும்போதும் கண்ணை மூடிக்கொள்வார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துத் துரை பாதியில் நிறுத்திவிடுவார்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். பட்டாளத்தில் கழித்துவிட்ட சின்ன லாரி ஒன்று எங்களிடம் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். சரிவின் அடியில் தொழிலாளர்கள் குடியிருந்த கீழ் டிவிஷன் சேற்றில் இறங்கி ஏற அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. ஒருநாள் காலையில் அது வளைவில் திரும்பும்போதெல்லாம் முன்பக்கம் 'டிக் டிக்' என்றது. டிரைவர் அந்தோணி வந்து சொன்னதும், மேஸ்திரி மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக் கண்ணை மூடினார்.

"ஓட்டும்வே."

"நீங்க விழுந்தா எம்மேலல்லா கேசு வரும்!"

"நான் விழுந்தா வேற மாதிரி சத்தம் வரும். நீரு ஓட்டும்."

மைதானத்தை இரண்டு சுற்று சுற்றியதும் இறங்கினார். "எடது பக்கத்துக் கிராஸ் போச்சு."

கிராஸ் என்பது கூட்டல் குறி மாதிரி ஓர் இரும்பு. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்ஜினின் இழுப்பை அதற்குக் கொண்டுசேர்க்கும் மூட்டு. நாலு முனையிலும் நாலு குப்பி, குப்பிக்குள் ஊசி ஊசியாக உருளைகள். அச்சை உருவிக் காட்டினார். ஒரு குப்பியில் ஊசிகளே இல்லை, துருத்தூள்தான் இருந்தது.

அப்போதுதான் டிஸ்பென்சரி நர்ஸ் மழையில் ஓடிவந்தார். "கீழ் டிவிஷன் பாக்கியத்துக்கு வலி வந்திருச்சு. பிள்ளை குறுக்க கெடக்கு. உடனே மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்!"

துரையும் வந்துவிட்டார். "மேஸ்திரி, பழசையே மாட்டி அனுப்பு!"

மேஸ்திரி அச்சை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"மாட்ட மாட்டேன் தொரை. கொண்டை ஊசி வளைவுல இது ஒடஞ்சா சக்கரம் பூட்டிக்கிடும். உள்ள ரெண்டு உசிரு இருக்கும். அரை மணி நேரம் குடுங்க."

துரையிடம் 'மாட்டேன்' என்று யாரும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. துரையும் கேட்டதில்லை போலிருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஸ்டோரில் மூன்று கிராஸ் இருந்தன. பெட்டியில் சரியான வண்டிப் பெயர் போட்டிருந்ததை ஓடிப்போய்க் கொடுத்தேன். தடவினார். "குப்பி மயிரிழை பெருசு." அடுத்தது வெள்ளி மாதிரி பளபளத்தது, கிரீஸ் ஏற்ற நிப்பிளும் இருந்தது. அதையும் தள்ளினார். "கிரீஸ் போக நடுவுல தொளை போட்டிருக்கான், கிளார்க்கய்யா. தொளை போட்ட எலும்பு இந்த மலையத் தாங்குமா?"

மூன்றாவது பெட்டியே இல்லாதது. உதவாத சாமான் என்று என் கையாலேயே எழுதி மூலையில் போட்டிருந்தேன். அதன் நாலு குப்பியையும் ஒவ்வொன்றாகச் சுழற்றினார். முகம் மலர்ந்தது. "இதுதான்யா!"

கிரீஸை அப்பி வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தும்போது திடீரென்று கையை உயர்த்தினார். "யாரும் அசையாதீக. ஒரு ஊசி விழுந்துட்டு."

ஒரு ஊசி குறைந்தால் என்ன என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. நான், அந்தோணி, நர்ஸ், வெள்ளை அரைக்கால் சட்டையோடு துரை, நாலு பேரும் எண்ணெய்த் தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்தோம். கடைசியில் துரையின் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் இரண்டு விரலால் எடுத்து, கோயிலில் காணிக்கை வைப்பதுபோல மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தார்.

கேட்ட அரை மணிக்குள் சக்கரம் தரையில் நின்றது. நர்ஸ் அந்தோணி பக்கத்தில் ஏறிக்கொள்ள, மேஸ்திரி மறுபடியும் மட்கார்டில் ஏறினார். கீழே இறங்கிய லாரி பாக்கியத்தை ஏற்றிக்கொண்டு சேற்றில் உறுமியபடி வளைவு வளைவாக ஏறியதை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பார்த்தோம். கொட்டும் மழையில் கண்ணை மூடிக்கொண்டு, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்தபடி அவர் படுத்திருந்தார். ஒரு 'டிக்' கூட இல்லை.

மறுநாள் கேட்டேன். "பக்கத்துல அவ்வளவு பெரிய பள்ளம். பயமா இல்லையா மேஸ்திரி?"

"பயந்தான் கிளார்க்கய்யா. கண்ணு தொறந்திருந்தா குதிச்சிருப்பேன்."

பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "தூக்கிக்கோங்க மாமா" என்று பாக்கியம் குழந்தையை மேஸ்திரியிடம் நீட்டினாள். மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் மாறிமாறிக் கழுவிவிட்டு வந்திருந்த கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "வேண்டாம் தாயி, கிரீஸ் வாசம் போகல" என்றார்.

வெளியே வந்ததும் அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். என் கையிலும் அந்த வாசம் ஒட்டிக்கொண்டது. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்குக் கை கழுவ மனசு வரவில்லை.