கெல்வின் காத்த மரம்

மரத்தில் இருந்ததைவிடத் தரையில்தான் மொட்டு அதிகம் கிடந்தது. கெல்வின் குனிந்து ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தார். பாதி கடித்துத் துப்பியிருந்தது.

பூவுக்காகவே வளர்த்த அந்தக் கிராப் ஆப்பிள் மரம் அவர் மனைவி நோலீனுடையது. நட்டதும், கவாத்து செய்ததும், கோடையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியதும் அவள்தான். கெல்வின் அதன் நிழலில் உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டிருக்கிறார். இப்போது அவள் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

"நான் வர்றப்ப ஜன்னல் வழியா அது பூத்து நிக்கணும். வேற எதுவும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் வேறெதுவும் கேட்காதது இதுவே முதல் தடவை. அதனால் கெல்வினுக்கு உள்ளூர பயமாக இருந்தது.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு டெஸ்ஸின் தொப்பி தெரிந்தது.

"போசம்தான்" என்றார் டெஸ். நீள வாலோடு மரமேறும், பூனையளவுப் பிராணி அது. "ராத்திரி வந்து மேய்ஞ்சிட்டு, விடியறதுக்குள்ள போயிடும். அடிமரத்துல தகரம் சுத்துப்பா. நகம் பிடிக்காது, வழுக்கி விழுந்துடும்."

கெல்வின் தகரம் சுற்றினார். மறுநாள் காலை, தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தரையில் மொட்டு இன்னும் அதிகமாகக் கிடந்தது.

"அப்ப வேலி வழியா வருது" என்றார் டெஸ். "இந்தப் பக்கம் நீட்டிட்டிருக்கிற கிளையை வெட்டிடு."

அந்தக் கிளையில்தான் மொட்டு மிச்சம் இருந்தது. கெல்வின் கண்ணை மூடிக்கொண்டு அறுத்தார். அடுத்த நாள் இளந்தளிரும் காணோம்.

"கூரை" என்றார் டெஸ்.

கூரைப் பக்கத்துக் கிளையும் போயிற்று. அதற்கடுத்து, மரத்தில் பாதிவரை ஏறியிருந்த மல்லிகைக் கொடியும் பந்தலோடு போயிற்று. ஏணிக்கு எட்டாத உச்சிக் கொத்து மட்டும் தப்பியது.

சாயங்காலம் நோலீன் போன் செய்தாள்.

"மொட்டு இருக்கா?"

"இருக்கு."

"நெறையவா?"

"தேவையான அளவு."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"சளி."

பகைத்துப் பயனில்லை என்று கெல்வின் சமாதானத்துக்கு இறங்கினார். நல்ல ஆப்பிளாகப் பார்த்து, துண்டு போட்டு, தட்டில் வைத்து மரத்தடியில் வைத்தார். வயிறு நிறைந்தால் மேலே எதற்கு ஏறப்போகிறது? காலையில் ஆப்பிள் அப்படியே இருந்தது. உச்சிக் கொத்தில்தான் இலை குறைந்திருந்தது.

"திமிர் பிடிச்சது" என்றார் டெஸ், கொஞ்சம் மரியாதையோடு. "தகரத்தைத் தாண்டி, கிளையே இல்லாம வருதுன்னா அது சாதாரண போசம் இல்லப்பா. படிச்சது."

"ஒருவேளை பறந்து வருதோ?"

டெஸ் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல" என்றார்.

நோலீன் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வேனை ஓட்டி வந்த டானிகா என்ற பெண், அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டாள். நோலீன் ஊன்றுகோலில் சாய்ந்து மரத்தைப் பார்த்தாள். தகரச் சட்டை போட்ட ஒரு கம்பம் நின்றது. அதன் தலையில் துடைப்பம் போல ஒரு கொத்து.

"இதுதான் தேவையான அளவா?" என்றாள்.

கெல்வின் எல்லாவற்றையும் சொன்னார். தகரம், கிளைகள், கொடி, தொடாத ஆப்பிள் எதையும் விடவில்லை. "என்னால முடிஞ்ச எல்லா வழியையும் அடைச்சுட்டேன், நோலீன். அப்பவும் எங்கேயிருந்து வருதுன்னே தெரியல."

நோலீன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்து, அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். கெல்வினுக்கு அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பெட்டியோடு பின்னால் வந்த டானிகா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். உச்சிக் கொத்துக்குள்ளிருந்து, நுனி வெளுத்த வால் ஒன்று சோர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அது எங்கேயிருந்தும் வரல, சார்" என்றாள். "நீங்க தகரம் சுத்தறப்பவே மேலதான் இருந்திருக்கு. இறங்க வழி விட்டாத்தானே பாவம் அது வீட்டுக்குப் போகும்?"