ஒரே வாசகத்தில் நாற்பத்தொரு ரசிகர்கள்

ஒரே வாசகத்தில் எத்தனை கடிதங்கள் வந்தாலும் அவற்றை ஒரே கடிதமாகவே கணக்கிட வேண்டும். உள்ளூர்க் கவுன்சிலின் கட்டட அனுமதிப் பிரிவில் இருபத்தெட்டு வருடங்கள் இந்த விதிக்குக் காவல் இருந்தவன் நான். புதுக் கட்டடம் வேண்டாமென்ற எத்தனையோ தெருக்காரர்களின் கோபத்தை ஒற்றை எண்ணாகச் சுருக்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற முதல் வருடமே எல்லாம் மறந்துபோயிற்று. பெற்ற பிள்ளை என்று வந்தால் விதியாவது ஒன்றாவது.

மகள் நிரோ அப்போது ரெய்னர்ஸ் லேன் வீட்டில் எங்களோடு இருந்தாள். மாடியின் சின்ன அறையில் இயந்திரங்களை அடுக்கி மினிமல் டெக்னோ என்கிற குறைந்தபட்ச இசை செய்வாள். ஒரு தாளம் போகும், நாலு நிமிடம் கழித்து இன்னொரு சத்தம் வந்து சேரும், அவ்வளவுதான். அவளுடைய முதல் வெளியீடு ஓர் இணையத்தளத்தில் வந்திருந்தது. வரவேற்பு நன்றாக இருந்தால் ஒருவர் அதை இசைத்தட்டாகப் போடுவார் என்றாள்.

தளத்தில் மூன்றே கருத்துகள். முதலாவது: "எட்டு நிமிடம். எதுவுமே நடக்கவில்லை."

எனக்கு இரத்தம் கொதித்தது. (அந்த உலகத்தில் அது உச்சப் பாராட்டு என்று யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.) ஆட்சேபம் வந்தால் ஆதரவு திரட்டுவதுதான் முறை. மாதிரி வாசகம் ஒன்றைத் தட்டச்சுச் செய்து, ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் குடித்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தேன்.

செபமாலை அண்ணை என் போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பாட்டு எப்பயடாப்பா தொடங்கும்?"

"இதுதான் அண்ணை பாட்டு."

"அப்ப ஆரடா இது, கதவைத் தட்டிக்கொண்டே நிக்கிறது? போய்த் திறந்து விடு!"

ஆனாலும் எழுதினார். மாலைக்குள் நாற்பத்தொரு பேர் எழுதிவிட்டார்கள்: "மேற்படி வெளியீட்டை முழுமையாகக் கேட்டேன். தாளம் ஒழுங்காகவும் தாமதமின்றியும் வருகிறது. அனுமதிக்கப் பரிந்துரைக்கிறேன்." ஒன்பது பேர் "உங்கள் பெயரை இங்கே எழுதவும்" என்ற வரியையும் விடாமல் அப்படியே எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை வெளியீட்டையே காணவில்லை. போலிக் கருத்துகள் என்று சந்தேகித்து நீக்கியிருந்தார்கள்.

நிரோ மாடிப்படியில் நின்றாள்.

"அப்பா, 'தாமதமின்றி'யா? அதென்ன ட்ரெயினா?"

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஒருத்தன் எழுதியிருந்தான், பிள்ளை. அதுக்குத்தான் ஆள் சேர்த்தனான்."

"அவர்தான் இசைத்தட்டுப் போடப் போறவர்! அவருக்கு அது நல்லாப் பிடிச்சிருந்தது!"

கதவு சாத்தப்பட்டது. மூன்று வாரம் மாடியில் ஒரு தாளமும் இல்லை. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் குறைந்தபட்ச இசை அதுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டு, இலக்கமிட்ட பத்திகளும் நான்கு இணைப்புகளுமாகத் தளத்துக்கு மேன்முறையீடு அனுப்பினேன். பதினைந்து நாளுக்கொரு நினைவூட்டல்.

என்னைக் காப்பாற்றியது அந்த இசைத்தட்டு மனிதர்தான். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். இசைத்தட்டைப் போட்டதுமல்லாமல், பின்னட்டையில் என் மாதிரி வாசகத்தையும் அச்சடித்துவிட்டார். இன்றும் எங்கள் வீட்டில் சோறு மேசைக்கு வந்தால், "ஒழுங்காகவும் தாமதமின்றியும் வருகிறது" என்று சொல்லாமல் யாரும் கை வைப்பதில்லை.

தளத்தின் பதில் மட்டும் வராமலே இருந்தது. கடைசியில் வந்தபோது, வெளியீட்டைத் திரும்பப் போட்டு, நாற்பத்தொன்றையும் நீக்கி, உண்மையானவை என்று நாலு கருத்துகளை வைத்திருந்தார்கள். நாலாவதை அன்றுதான் பார்த்தேன். என் மனைவி றீற்றா யாருக்கும் சொல்லாமல் எழுதியது: "மகள் மேலே இதைப் போட்டால் நான் கீழே இடியப்பம் பிழிவேன். கை நோகாது. இது நின்றால்தான் வீடு வெறிச்சென்று இருக்கும்."

பதில் வந்தது ஒரு திங்கட்கிழமை. நிரோவையும் அவள் இயந்திரங்களையும் தொலைவிலுள்ள லீட்ஸ் நகரில் குடியிருத்திவிட்டு நாங்கள் இருவரும் திரும்பி வந்ததற்கு மறுநாள்.