ஹளேபீட்டில் பெண், பேலூரில் மாப்பிள்ளை

ஹளேபீடு,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய பாவா ஜவரப்பா அவர்களுக்கு, மைத்துனன் மரிகௌடா வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். அங்கே அக்காவும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் பெண் ஹேமலதாவைப் பார்க்கப் பேலூரிலிருந்து நேற்று வந்தார்கள். பையன் லோஹித், அவளோடு பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை. தங்கமான பையன். அப்பா திம்மப்ப கௌடா ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், வினை அங்கேதான் இருந்தது. இலை போட்டு, ஒப்பட்டுப் போளியின் மேல் நெய் ஊற்றி, என் வீட்டுக்காரி கௌரம்மா மரியாதைக்கு, "சின்ன ஊரு, ஏதோ எங்களால முடிஞ்சது"ன்னு சொன்னாள். வாத்தியார் நிமிர்ந்தார். "ஊரு சின்னதில்லம்மா, பழசு. பாழாப்போன பழைய ஊருன்னு பேருலயே எழுதி வெச்சிருக்கே. முதல் ராஜதானி எங்க பேலூருதான்." நான் சும்மா இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு பயிர் போடுகிறவனுக்கு ஹொய்சள ராஜாக்களோடு என்ன பேச்சு? ஆனால் வாய் கேட்கவில்லை பாவா. "அப்புறம் ராஜா ஏன் சார் எங்க ஊருக்குக் குடிவந்தாரு? வீடு நல்லா இருந்தா யாரு காலி பண்ணுவா?"

அவர் ஒப்பட்டைக் கீழே வைத்துவிட்டார். "வந்து என்ன கண்டாரு? டில்லிப் படை உங்க ஊரைத்தானே கொள்ளையடிச்சுது?"

"இருக்கிற வீட்டுலதான் சார் திருடன் நுழைவான். பேலூருல என்ன கிடைக்கும்னு வருவான்?"

அவ்வளவுதான். மனுஷன் எழுந்து கை கழுவிட்டாரு. பையனோட அம்மா கொண்டுவந்த பழத்தட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கிட்டாங்க. கௌரம்மா உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்து அழுகிறாள். ரெண்டு வருஷமா வரன் தேடி அலைஞ்ச நான் ஓடிப்போய் அவர் கை துடைக்கத் துண்டை நீட்டினேன். அப்போது ஹேமலதா கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, அப்பா, ஒரு நிமிஷம். பெங்களூருல எந்த ஊருன்னு கேட்டா நாங்க என்ன சொல்றோம் தெரியுமா? நானும் ஹாசன் பக்கம்னு சொல்றேன், இவரும் ஹாசன் பக்கம்னுதான் சொல்றாரு."

வாத்தியார் மகனைப் பார்த்தார். "ஹாசன் பக்கமா? நீயுமாடா?"

"நம்ம ஜில்லா தலைநகர் பேரைச் சொன்னாத்தான்ப்பா எல்லாருக்கும் புரியுது."

வாத்தியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஹாசன்ல எந்த ராஜா உக்காந்தான், சொல்லுங்க."

"கலெக்டர் ஆபீசும் ரயிலடியும் விட்டா அங்க என்ன சார் இருக்கு?"

திரும்ப இலையில் உட்கார்ந்துவிட்டார் பாவா. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹாசனைத் திட்டிக்கொண்டே நாலு ஒப்பட்டு சாப்பிட்டார். காப்பி வரும்போது நான் "மரியண்ணா" ஆகியிருந்தேன். தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கல்யாணம். இனி ராஜாக்கள் பேச்சே எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் கௌரம்மாவின் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருக்கிறோம். தாராளமாக டிக்கெட் எடுங்கள். பெரியவர்கள் நீங்கள் வந்து நின்று அட்சதை போட்டால்தான் எனக்கு நிம்மதி. அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

தங்கள் அன்புள்ள,
மரிகௌடா

பி.கு.: உறையை ஒட்டாமலே இரண்டு நாள் போயிற்று; இன்று காலை கல்யாணப் பத்திரிகையின் மாதிரிப் படி வந்து சேர்ந்தது. சம்பந்தி தம் பெயருக்குக் கீழே 'ஆதி ராஜதானி பேலூர்' என்று போட்டிருக்கிறார். நானும் என் பெயருக்குக் கீழே 'மகா ராஜதானி ஹளேபீடு' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. டிக்கெட் எடுக்க வேண்டாம்.