வேப்பம்பட்டு அண்ணன்

செல்போனில் ‘பரந்தாமன் சார்’ என்ற பெயர் மின்னியதும் கஜபதி அதைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, பாம்பைப் பார்த்தவன்போல் சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

“எடுக்காதீங்க,” என்றாள் ரேவதி, தலையில் மல்லிகைச் சரத்தைச் செருகிக்கொண்டே.

“எடுக்கலன்னா நேரா ஊட்டுக்கே வந்துடுவாரு.”

பரந்தாமன், ஆவடி பாக்டரியில் கஜபதிக்குப் போர்மன். குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்கில் குடியிருந்தார். தங்கமான மனிதர். ரேவதிக்கு டெங்கு வந்தபோது, மனைவி சுசீலாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர். ஒரே ஒரு குறைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு ஹாலில் நாற்காலிகளைப் போட்டு ‘உணர்வே உலகம்’ என்று வகுப்பு நடத்துவார். மனிதனுடைய உணர்வுதான் உலகத்தை உண்டாக்குகிறது, யாருமே உணராத ஒன்று உண்மையில் கிடையாது என்பது அவர் கட்சி.

“பாக்டரியில நம்ம ஷாப்பைப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தாச்சு. இப்ப உள்ள லேத்து மெஷின் இருக்கா, இல்லையா?” என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

லேத்து இருந்ததோ இல்லையோ, கஜபதிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விட்டது. ரேவதிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. வாரம் முழுக்க அவள் களைத்து வந்தால் இவன் ஓவர்டைமில் இருப்பான். இவன் வந்தால் அவள் தூங்கியிருப்பாள். ஞாயிறு சாயங்காலம் ஸ்கூட்டரில் பூந்தமல்லி பக்கம் போய், ஒரு பிளேட் பஜ்ஜியை வாங்கி, சண்டை போட்டுக்கொண்டே தின்பதுதான் அவர்கள் குடும்பம் நடத்துகிற நேரம். அதில்தான் மண் விழுந்திருந்தது.

போன் மறுபடி அடித்தது. கஜபதி எடுத்தான்.

“கஜபதி, கிளம்பிட்டியா?”

“சார்... இன்னிக்கு வர முடியாது சார். அண்ணன் வந்துகீறாரு. ஒடம்பு சரியில்ல.”

“உனக்கு ஏதுப்பா அண்ணன்?”

“பெரியப்பா பையன் சார். கிருபாகரன். வேப்பம்பட்டுல கீறாரு.”

“அவர் வீட்டம்மா பாத்துக்க மாட்டாங்களா?”

“கல்யாணமே ஆவல சார்.”

“அடப்பாவமே,” என்றார் பரந்தாமன். குரல் நிஜமாகவே கலங்கியிருந்தது.

போனை வைத்துவிட்டு கஜபதி ஹெல்மெட்டைத் தேடி எடுக்கவே அரைமணி ஆயிற்று. ரேவதி வாசல்வரை போனவள், அப்படியே திரும்பி வந்தாள்.

“யூசுப் அண்ணன் படியேறி வர்றாரு. கையில தூக்குவாளி.”

“உள்ள போ! போயி இருமு!”

மேல்வீட்டு யூசுப் கதவருகே நின்றான். “சுசீலா அக்கா கஞ்சி குடுத்தனுப்பிச்சாங்க மச்சான். கிளாஸ்ல எல்லாரும் கண்ண மூடிகினு உங்க அண்ணன் எழுந்து நடக்குற மாதிரி நெனைக்கணும்னு சார் சொல்லிட்டாரு. எங்க அவரு?”

“தூங்குறாரு.”

உள்ளறையிலிருந்து ரேவதி தன்னால் முடிந்த ஆண் குரலில் இருமினாள். பாதி இருமல், பாதி சிரிப்பு.

யூசுப் முகம் வாடியது. “நெஞ்சுல சளி கட்டிகீது. எங்க மாமாவுக்கு இப்படித்தான் இருமல் கடைசியில சிரிப்பு மாதிரி வரும்.”

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மல்லிகைப்பூவோடு ஸ்கூட்டரில் போக முடியுமா? அன்று இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, உப்பில்லாத கஞ்சியைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

அந்த வாரம் அண்ணன் வளர ஆரம்பித்தார். பால் வாங்கப் போன இடத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று கஜபதிக்குத் தெரியவந்தது. தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதற்காகத்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ரேவதியிடம் பக்கத்து வீட்டில் சொல்லி உச்சுக்கொட்டினார்கள். போதாததற்கு யூசுப் மாடியிலிருந்து ஓடிவந்தான்.

“உங்க அண்ணன ஸ்டேஷன்ல பாத்தேன் மச்சான்! அப்படியே உன் மூக்கு. இன்னா, மீசை மட்டும் கொஞ்சம் நரைச்சுகீது.”

“அவரு ஊட்டுல படுத்துகினு கீறாருப்பா!”

“அத்த தான் நானும் கேட்டேன். ‘சும்மா காத்து வாங்க வந்தேன்’னாரு.”

கஜபதி உள்ளே போனான். “ரேவதி, எங்க பெரியப்பாவுக்கு இன்னா, ரெண்டு பொண்ணுதான?”

“நீங்களே என்னக் கேட்டா?”

அடுத்த ஞாயிறும் நோயாளிக்குக் காவலாகவே கழிந்தது. இதை இப்படியே விட்டால் ஆகாது என்று திங்கட்கிழமை காலை ஷாப்புக்குள் நுழைந்ததும் கஜபதி அண்ணனைக் குணப்படுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டான்.

“சார், நல்லாயிடுச்சு. நடந்தே ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு.”

பரந்தாமன் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நாம நெனச்சோம், நடந்துடுச்சு பாத்தியா! வர்ற ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வா. நாலு வார்த்தை பேசட்டும். இன்னொண்ணு... தப்பா நெனைக்காதே. ஸ்டோர்ஸ் நாகவல்லிகிட்ட அவரைப் பத்திச் சொல்லியிருக்கேன். நாப்பத்திரெண்டு வயசு, குணமான பொண்ணு. பாக்குறேன்னு சொல்லிட்டா.”

கஜபதிக்கு லேத்து, ஷாப்பு, பாக்டரி எல்லாமே ஒரு கணம் இல்லாமல் போய்விட்டது.

மத்தியானம் கேண்டீனில் நாகவல்லி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்த பொரியலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“உங்க அண்ணனுக்குச் சர்க்கரையாமே. கேசரி பண்ணா சாப்பிட மாட்டாரு, இல்ல?”

அவன் பாதிச் சோற்றை அப்படியே வைத்தான். தலையைக் குனிந்தபடி எழுந்து போனான்.

“வெளயாட்டு வெனையாயிடுச்சு,” என்றாள் ரேவதி, விஷயத்தைக் கேட்டதும். “நமக்கு பஜ்ஜி போனாப் போவுது. அந்தப் பொண்ண ஏமாத்தக் கூடாதுங்க. எல்லாரு முன்னாலயும் சொல்லிடுங்க. நானும் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. நாகவல்லி புதுப் புடவையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கஜபதி எழுந்து நின்றான்.

“சார், எனக்கு அப்படி ஒரு அண்ணனே இல்ல.”

பரந்தாமன் கண்களை மூடித் திறந்தார். “அண்ணனே இல்லன்னு சொல்ற அளவுக்கு என்னப்பா சண்டை?”

“சண்டை இல்ல சார். ஆளே இல்ல.”

“சொத்துத் தகராறா?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

யூசுப் எழுந்துவிட்டான். “தப்பு மச்சான். ஸ்டேஷன்ல என்கிட்ட உன்னப் பத்திதான் அவ்ளோ அன்பா விசாரிச்சாரு.”

“டேய், அது எவன்னே எனக்குத் தெரியாதுடா!”

நாகவல்லி மெல்லச் சொன்னாள். “அவருக்கு என்னப் புடிக்கலன்னா நேராவே சொல்லலாமே.”

இதற்குமேல் கஜபதியால் தாங்க முடியவில்லை. “ஐயோ, அக்கா! இந்த கிளாஸுக்கு வரப் புடிக்காமதான் நான் பொய் சொன்னேன்! ஞாயித்துக்கிழம ஒருநாளுதான் எனக்கும் ரேவதிக்கும். அத்தக் கேக்க வாய் வரல. அதான் ஒரு அண்ணனப் பெத்தேன்!”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முதலில் நாகவல்லிதான் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“அப்பாடா! சார் சொல்றாரேன்னுதான் தலையாட்டினேன். சர்க்கரைக்காரரைக் கட்டிகினு காலமெல்லாம் கேசரி இல்லாம எப்படி இருக்கறதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல.”

“அப்ப நான் பாத்தது யாரு?” என்றான் யூசுப்.

பரந்தாமன் எழுந்தார். கஜபதியின் தோளை ஒருமுறை தொட்டார். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டம் செருப்பைத் தேடிக் கலைந்தது. கஜபதி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. டெங்கு நாட்களில் அந்த மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன் கண்ணிலேயே நின்றது. ரேவதி அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து சுசீலா வந்தாள். கதவை ஓசைப்படாமல் மறுபடி சாத்தினாள்.

“சார் ரொம்ப ஒடஞ்சி பூட்டாரா அக்கா?” கஜபதி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

“மெதுவாப் பேசுப்பா, தூங்கறாரு.”

“தூங்குறாரா? என் மேல கோவம் இல்லியா?”

“கோவமா? ‘இந்த உணர்வு விஷயத்த வாராவாரம் சொல்லுங்க சார், கேட்டுகினே இருக்கலாம்’னு ஒருநாள் டீக்கடையில நீ சொன்னியாமே, உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்பா அந்த மனுஷன் இத்தனை நாளா ஞாயித்துக்கிழமைத் தூக்கத்த விட்டுட்டு இந்தக் கிளாஸையே நடத்திகிட்டு இருந்தாரு!”