தாம்பாளத்தில் இருந்த துணி

கையில் மைக் கிடைத்தால் எனக்குக் காது அடைத்துவிடும். இது வியாதி அல்ல, அகம்பாவம். (டாக்டரிடம் காட்டினால் அவரையும் பேச விடமாட்டேன் என்று மனைவி தடுத்துவிட்டாள்.)

ராஜபாளையத்தில் நண்பர் ஒருவர் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறார். ஆப்பிரிக்க மன்னன் ஒருவன் சூப்பர் ஹீரோவாக வரும் படத்தைத் திரையிட்டு, அந்த மண்ணின் முகமூடிகளையும் முரசுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார். பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் கானா நாட்டு மாணவன் கோஃபி, படம் முடிந்ததும் பேசுவதாக ஏற்பாடு. தொகுப்பாளர் அடியேன். ஆப்பிரிக்காவைப் பற்றி நாலு புத்தகம் படித்திருந்தேன்; நாலையும் அன்றே ஒப்பித்துவிடும் உத்தேசம்.

விழாவுக்கு முன்னால் கோஃபி ஒரு கவரை என் கையில் கொடுத்தான். எங்கள் ஊர்த் தமிழ் அவனுக்கு நன்றாகவே படிந்திருந்தது.

"அண்ணே, இது எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்ட துணி. படத்துல வர்ற நாடு கற்பனை, இது நெசம். இதப் போத்திக்கிட்டுத்தான் பேசப் போறேன். பத்திரம்ணே."

"சரிப்பா, சரிப்பா" என்றேன். அவன் சொன்னது எனக்கு உறைத்தது பிற்பாடுதான். அந்த நேரத்தில் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது என்னுடைய வரவேற்புரை. கவரை மேடையில் இருந்த தாம்பாளத்தில் வைத்துவிட்டேன்.

சிறப்பு விருந்தினர் ஒரு மில் முதலாளி. வரும்போதே கிளம்பும் அவசரத்தில் வந்தார். எங்கள் பக்கத்து மேடைகளில் தாம்பாளத்தில் துணி இருந்தால் அது பொன்னாடை. அதற்கு மேல் விசாரணை கிடையாது. கவரைப் பிரித்தேன். மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள், நல்ல கனம். "பொன்னாடையிலேயே ஆப்பிரிக்காவைப் பாருங்கள்!" என்று மைக்கில் முழங்கியபடி போர்த்தினேன். பலத்த கைதட்டல். முதலாளி காரேறிப் போய்விட்டார், துணியோடு.

பக்கத்து அறையில் முகமூடிகளை விளக்கிக்கொண்டிருந்த கோஃபி உள்ளே வந்தபோது படம் ஓடத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, என் கவரு?"

அந்த இருட்டிலும் என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

முதலாளி வெகுநேரம் கழித்துத்தான் போனை எடுத்தார். "அதுவா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம சொந்தக்காரரு ரிட்டயர்மென்ட் விழாவுக்கு வந்தேன். அவருக்குப் போத்திட்டேனே!" (வந்த பொன்னாடையைப் போகிற இடத்தில் போர்த்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறவரை எங்கள் ஊரில் விவரமில்லாதவர் என்பார்கள்.)

ஸ்கூட்டரில் கோஃபியை ஏற்றிக்கொண்டு, விழா நடந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற ஓவர்சியர், கோஃபியின் அப்பாவுடைய கல்யாணத் துணியைத் தோளில் போட்டபடி, அதன் நுனியால் பாயச வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். (சுருக்கமாக. வாழ்க்கையில் முதல்முறை.)

"ஏலே, போத்துன பொன்னாடையத் திருப்பிக் கேட்டு ஆளு வந்திருக்காவ, இங்க பாருங்கலே!" என்று அவருடைய மச்சினர் சத்தம் போட, பந்தியே சிரித்தது.

கோஃபி சிரிக்கவில்லை. ஓவர்சியர் அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, துணியை மடித்துக் கொடுத்தார். "தெரியாமப் போச்சு தம்பி. கறை சோப்புப் போட்டா போயிரும்."

போகவில்லை.

நாங்கள் ராஜபாளையம் திரும்புவதற்குள் படம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நண்பர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கோஃபி துணியைப் போர்த்திக்கொண்டு காலி அரங்கின் முன்னால் சற்று நேரம் நின்றான். பிறகு மடித்துக் கவருக்குள் வைத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லண்ணே" என்றான். அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அடுத்த வருடம் நண்பர் மறுபடியும் நிகழ்ச்சி வைத்தார். பரிகாரமாக நானே கோஃபியைப் போனில் அழைத்தேன். இந்தத் தடவை நீதான் முதலில் பேசுகிறாய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, குறுக்கே யாரும் வரமாட்டார்கள் என்றெல்லாம் மூச்சு விடாமல் பேசினேன். நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கண்டிப்பா வாரேண்ணே" என்றான். "நீங்க வராதீங்க."