ஆயில்யம் ஆப்சென்ட்

வானத்துக்கே அட்டெண்டன்ஸ் எடுத்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் புதுக்கோட்டையில், வேலைபார்க்கும் பெண்கள் விடுதி ஒன்றில், மூன்று வருஷம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். பெயர் அட்டெண்டன்ஸ் அக்கா. சொந்தப் பெயர் ஆதார் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

தனியார் கல்லூரி ஒன்றில் வருகைப் பதிவேடு எழுதும் கிளார்க் வேலை. பகலெல்லாம் வராத பிள்ளைகளைக் குறித்துவிட்டு, எட்டு மணிக்கு மாடியேறி, வந்த நட்சத்திரங்களைக் குறிப்பார். துணி காயும் கயிறுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் நீளமான ரெஜிஸ்டர், அதில் அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு பேர். "கார்த்திகை?" என்று கூப்பிட்டு அண்ணாந்து பார்ப்பார். உச்சிக்குப் பக்கத்தில் ஆறு பொடி நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். டிக். "ரோகிணி?" சிவப்பாக ஒன்று. டிக். அப்புறம் வரிசையாக நிற்கும் மூன்றைத் தேடுவார். அதற்குப் பக்கத்திலேயே மிருகசீரிடமும் திருவாதிரையும் அகப்பட்டுவிடும். மேகம் மறைத்தால் ஆப்சென்ட். ஐப்பசி மழையில் வகுப்பு மொத்தமும் வராது. அந்த மாதம் அக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மார்கழியில் வானம் துலங்கிவிட்டால், "இப்பத்தாம்மா பிள்ளைங்க ஒழுங்கா வருதுங்க" என்று மெஸ்ஸில் இரண்டு தோசை கூடுதலாகக் கேட்பார்.

அவரிடம் தெரியாத்தனமாக உங்கள் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். எங்கள் வார்டன் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டை என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு அவர் கதவு தட்டப்பட்டது. "மேடம், ஒங்க ஸ்டாருக்கு இப்ப நைட் ஷிப்ட். விடியிறப்பத்தான் வருது. வாங்க, பாத்துட்டு வந்து படுத்துக்கலாம்." அரைத் தூக்கத்தில் எங்கோ தீப்பிடித்துவிட்டதாக நினைத்த வார்டன், வாளித் தண்ணீரோடு மாடியேறினார். தென்கிழக்கே சிவந்து கிடந்ததைப் பார்த்து, "இதுவா நானு?" என்று கேட்டவர் அரைமணி நேரம் கீழே இறங்கவில்லை.

கோயிலில் இன்னும் மோசம். அர்ச்சனைக்கு முன்னால் நிற்பவர் நட்சத்திரம் சொன்னதும், அக்கா பின்னாலிருந்து, "பாத்திருக்கீங்களா?" என்பார். பார்க்காத நட்சத்திரத்தைச் சாமியிடம் சொல்வது பொய்ச்சாட்சி என்பது அவர் கட்சி. ஒருநாள் குருக்களையே கேட்டுவிட்டார். நடை சாத்தியதும் அவர் பிராகாரத்தில் நின்று அண்ணாந்து, "நான் பூசம். ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். "அது கொஞ்சம் மங்கலுங்க சாமி. கண்ணாடிய மாத்திட்டு வாங்க, காட்டுறேன்" என்றார் அக்கா. குருக்கள் அந்த வாரமே கண் டாக்டரிடம் போனார்.

இனி என் கதை. நான் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே ஏ.சி. சர்வீஸ் செய்ய வந்த, கடலோரக் கட்டுமாவடிக்காரரை எனக்குப் பிடித்துப்போனது. அவருக்கும் என்னைப் பிடித்ததால் ஏ.சி. அடிக்கடி ரிப்பேரானது. அவருடைய அம்மாவும் சரி என்றுவிட்டார், ஜாதகம் பார்க்கும்வரை. என் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஜோசியர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

தை மாதக் கடைசியில் ஒருநாள், விளக்கு வைத்தபிறகு அந்த அம்மாவே விடுதிக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதத்தா. ஜாதகத்த ஆள்விட்டுக் குடுத்தனுப்ப மனசு வரல. நேர்லயே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஒம்பதேகாலுக்குக் கடைசி பஸ்."

ஜாதகக் கவரை வாங்கிக்கொண்டேன். ரெஜிஸ்டரோடு மாடிக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா நின்றார்.

"எதுக்குங்க திருப்பிக் குடுக்குறீங்க?"

"ஆயில்யம்மா. எனக்கு ஆகாதாம்."

"பாத்திருக்கீங்களா?"

"யாரை?"

"ஆயில்யத்த. மொகத்தக்கூடப் பாக்காம குத்தம் சொல்றது நாயமா? வாங்க, பத்து நிமிசம்."

மாடியில் போய்ப் பார்த்தால், கிழக்கே ஒரே மேகம். அக்கா அசரவில்லை; நாற்காலியை அந்த அம்மாவுக்குப் போட்டுவிட்டு அட்டெண்டன்ஸை ஆரம்பித்தார்.

"கார்த்திகை?"

"அது ஆறாமீனுல்ல" என்றார் அந்த அம்மா. "எங்க அப்பா போட்டுல போறப்ப, அது சாயிறத வச்சுத்தான் மணி சொல்லுவாரு."

அக்காவின் பேனா நின்றுவிட்டது. வானத்தில் இருப்பதற்கு அவருக்கே தெரியாத பெயரை ஒருவர் சொன்னது அதுவே முதல் முறை. இது எப்ப வரும், அது எங்கிட்டு எறங்கும் என்று இரண்டு பேரும் போட்டி போட ஆரம்பித்தார்கள். நான் மேகத்தையும் போனில் மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆகிவிட்டது. "ஆயில்யம்?" என்று கூப்பிட்டார் அக்கா. மேகம்தான் இருந்தது. அவர் ஆப்சென்ட் போடக் குனிந்தார். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"இருங்க, லேட்டா வருது" என்றார் அக்கா.

மேகம் விலகியிருந்தது. "அந்தா சோடியா நிக்கிது பாருங்க, புனர்பூசம். அதுக்குக் கீழ, சோத்தாங்கைப் பக்கம். பொடிசா அஞ்சாறு."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினார். கண்டுபிடித்ததும் சிரித்துவிட்டார்.

"இதுவா? இத எங்க அப்பா ஒரு நாளும் சட்டை பண்ணுனதில்ல. கரைக்கு வழிகாட்டத் துப்பில்லாத மீனு, என்னையவா தூக்கிக்கிட்டுப் போவப்போவுது?" என்றவர் என் கையிலிருந்த கவரைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

படியிறங்கும்போது அவர் அக்காவிடம், "நீ என்ன நட்சத்திரம்மா?" என்று கேட்டார்.

"எனக்கும் ஆயில்யந்தாங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்கள மாடிக்குக் கூட்டியாரணும்னு அப்பத் தோணல" என்று சிரித்தார் அக்கா. ஊரையே நட்சத்திரம் கேட்டவரை, இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"எனக்கு மவன் ஒருத்தந்தான்" என்றார் அந்த அம்மா. "இன்னொருத்தன் இருந்தா ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கடைசி பஸ் போய்விட்டதால் என் மாமியார் அன்று அக்காவின் கட்டிலில் தூங்கினார்.

கல்யாணமாகி ஆறு வருஷம். மாமியார் கல்லுக்குண்டாக இருக்கிறார்; மீன் குழம்பில் புளி கூடினால் அவர் சத்தம் இன்றும் தெருவுக்கே கேட்கும். ஒவ்வொரு தை மாதமும் எனக்குக்கூடச் சொல்லாமல் போன் போட்டு அக்காவை வரவழைத்துவிடுவார். ராத்திரி இருவரும் கடற்கரை மணலில் உட்கார்ந்துகொண்டு, எதற்கு எது சரியான பெயர் என்று சண்டை போடுவார்கள். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். வாசல் வரை போவேன், கூப்பிடமாட்டேன். இந்த மாமியாரை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் அக்கா. கொஞ்சநேரம் அவரிடமே இருக்கட்டும்.