சாமிகளுக்குத் தேதி கொடுத்தவர்

எங்கள் ஊரில் எந்தச் சாமிக்கு எப்போது விருந்து என்பதைப் பஞ்சாங்கம் முடிவு செய்ததில்லை. பிறையும் இல்லை, பாதிரியாரும் இல்லை. அண்டா அண்ணாச்சிதான் முடிவு செய்தார்.

பந்தல்குடிக்கும் பரளச்சிக்கும் நடுவே, வெயிலில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும் பூமி அது. ஊருக்கே சமைக்கிற மாதிரி ஒரு பித்தளை அண்டா அவருடைய வாடகைப் பாத்திரக் கடையில் மட்டும்தான் இருந்தது. ஆள் உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி, சர்ச்சில் அசனம் என்கிற ஊர்ச்சாப்பாடு எல்லாமே அதில்தான் வெந்தன. பங்குனியும் நோன்பும் சேர்ந்து வந்தால் மதியம் வரை கோயிலுக்கு, அதற்குமேல் பள்ளிவாசலுக்கு.

“சாமிகளுக்குள்ள ஒரு தகராறும் இல்லப்பா. இடையில கழுவுறதுக்கு மட்டும் நேரம் விடுங்க” என்பார்.

வாடகை பேசும்போதே ஒரு நிபந்தனை போடுவார். அண்டா யாருக்குப் போகிறதோ அவர்கள் துடுப்பைத் தொடக்கூடாது. கோயில் பொங்கலைக் கிண்டுவது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். நோன்புக் கஞ்சியைக் கிண்டுவது கோயில் பூசாரி. அசனத்துக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, உப்பு விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டே கிண்டுவார்கள்.

“ஏன் அண்ணாச்சி இப்படி?”

“அவுகவுக கிண்டி அவுகவுக தின்னா, அதுக்கு வீட்லயே தின்னுட்டுப் போகலாமே!”

ஒருமுறை அருப்புக்கோட்டையில் மத நல்லிணக்கக் கூட்டம் என்று அவரை மேடையேற்றினார்கள். பேச்சாளர்கள் வரிசையாகக் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இவரைப் பேசச் சொன்னது அவர்கள் செய்த தவறு. மைக்கைப் பிடித்து, “சாப்பாடு ரெடி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மூன்று மதத்தாரும் ஒரே மனதாக எழுந்து போனதை அன்றுதான் பார்த்தேன். மிச்சப் பேச்சாளர்கள் நாற்காலிகளுக்கு நல்லிணக்கம் போதித்தார்கள்.

பிறகு தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கேயோ மூண்ட கோபம் பேப்பரில் ஏறி வந்து எங்கள் டீக்கடையில் இறங்கியது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எதிர் பெஞ்சுக்குப் போனார்கள். கோயில் இளைஞர்கள், செல்வம் என்பவன் தலைமையில், மதுரைக்குப் போய் ஒரு புது அலுமினிய அண்டா வாங்கி வந்தார்கள். பளபளவென்று இருந்தது.

“இனி எங்க பொங்கல நாங்களே கிண்டிக்கிறோம் அண்ணாச்சி.”

பள்ளிவாசல் தரப்பும் விடவில்லை. இரவல் பாத்திரத்தில் தாங்களே காய்ச்சினார்கள். அந்த வாரம் அங்கே கஞ்சி வரவில்லை, களி வந்தது. அதையும் வீம்புக்குக் குடித்தார்கள்.

எதிரே உரக்கடையில் வேலை பார்த்த நான் அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்டாவைத் துடைப்பார், கவிழ்ப்பார், நிமிர்த்துவார், மறுபடி துடைப்பார். வாடகை போனது அவருக்குப் பெரிதில்லை. இந்த ஊரைச் சேர்த்துக் கட்ட அவரிடம் இருந்தது அந்த அண்டா ஒன்றுதான்.

பங்குனிப் பொங்கலன்று செல்வம் கூட்டம் அடுப்பு மூட்டியது. அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. இத்தனை வருஷத்தில் கோயில்காரர்கள் ஒருவர்கூடப் பொங்கலுக்குத் துடுப்பைப் பிடித்ததில்லை. வெல்லத்தை எப்போது போடுவது, தீயை எப்போது இழுப்பது, ஒன்றும் தெரியாது. பூசாரிக்கோ கஞ்சிதான் வரும்.

முதலில் வாசனை வந்தது. அடுத்துக் கருகல் வந்தது. வேலிக்கருவை விறகுப் புகையோடு அது பள்ளிவாசல் தெரு வரை போனது. சற்று நேரத்தில் மோதினார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏலே, அடியக் கெளறாத! தீய இழு! யாருலே அவன், வெல்லத்தப் போட்டுட்டு வேடிக்கை பாக்குறவன்?”

யாரும் அவரைத் தடுக்கவில்லை. செல்வம் துடுப்பை நீட்டினான்.

“பாய், நீங்க நோன்புல்ல?” என்றார் பூசாரி.

“வாய்க்குத்தான்யா நோன்பு. கைக்கு என்ன?”

மோதினார் புகைக்குள் மூக்கை நீட்டிப் பார்த்தார். “மேல உள்ளது தப்பிச்சிரும். அடியத் தொடாம அள்ளி மாத்தணும். பெரிய பாத்திரம் எங்க?”

எல்லோரும் செல்வத்தைப் பார்த்தார்கள். செல்வம் தரையைப் பார்த்தான்.

அப்போது தெருமுனையில் இடி உருண்டது. அண்ணாச்சி தன் பித்தளை அண்டாவைத் தரையில் உருட்டிக்கொண்டே வந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிமிர்த்தி வைத்தார். “அள்ளுங்க” என்றார்.

பொங்கல் பிழைத்தது. நோன்பு இருப்பவர்களின் பங்கைச் செல்வமே வாளியில் எடுத்து மூடி வைத்தான். பிற்பகலில் பூசாரி தானாகவே கிளம்பிப் பள்ளிவாசலுக்குப் போனார். “தள்ளுங்கய்யா, போன வாரம் காச்சுனத நானும் கேள்விப்பட்டேன்” என்று துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாராம். நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சி கஞ்சியாகவே இருந்தது. வாளியோடு போன செல்வம் ஒரு குவளை குடித்து, மறு குவளைக்கு நின்றான்.

அண்ணாச்சி மட்டும் அங்கே இல்லை. தேடிப் போனேன். கோயில் பின்புறம், தன்னை வேண்டாம் என்று சொல்வதற்காகவே வாங்கிய அந்த அலுமினிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு, சாம்பலும் தேங்காய் நாருமாக அடிக்கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இத ஏன் அண்ணாச்சி நீங்க தேய்க்கிறீங்க?”

“புதுப் பாத்திரம்ப்பா. அப்படியே விட்டா கெட்டுப்போகும்.”

நானும் கொஞ்சம் நாரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தள்ளி உக்காரு. சட்டையில கரி படும்” என்றார்.

நான் தள்ளி உட்காரவில்லை.